குமுதாவுக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்

குமுதா ஒன்றை நினைத்துவிட்டால் முடிந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அது எல்லோருக்கும் தெரியும். கட்டிக்கொண்ட ராமசாமிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனுஷர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஹேன்ஃபோன்லதான் எல்லா பாட்டும் இருக்கே, ஸ்டீரியோ எதுக்கு?"

"எனக்கு ரெண்டு காதுலயும் கேக்கணும். கேக்கும்போதே கேட்டுரணும்," என்றாள் குமுதா.

விஷயம் இதுதான். மாக் மண்டின் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரத்தோடு இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவள் அவள். காதடைப்பானைக் கம்பெனியே கொடுத்தது, அதில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் இடப்பக்கத்து இயந்திரத்தில் நின்றவள் ஃபாத்தின். வாய் ஓயாத மனுஷி. அவளுடைய மாமியார் கதையைக் கேட்காமல் ஒரு ஷிப்ட் எப்படி ஓடும்? அதனால் குமுதா இடது காதுக்கு உரியதை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். வருஷக்கணக்காக இதே கூத்து. போன வருஷப் பரிசோதனையில் டாக்டர், இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இன்னும் குறையலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் குமுதா வழி முழுக்க அழுதாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவியபோதுதான் அந்த ஆசை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தோழி வீட்டில் ஸ்டீரியோ கேட்டிருக்கிறாள். வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம். பாடுகிறவள் மட்டும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், எதிரே வந்து நின்று பாடினாள். அந்தக் குரலை இன்னொரு தரம் நடுவில் கேட்டாக வேண்டும். காது அதுவரை தாங்குமா என்பதுதான் பயம்.

ஃபாத்தின் வேலையை விட்டுப் போகும்போது, தன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டுப் போனாள். பாக்கி ஆம்ப்ளிஃபயர். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய் நின்றாள்.

கடை விரித்திருந்த இம்ரான் ஒன்றை எடுத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினான். குமுதா வலது காதைத் திருப்பி ஒரு ஸ்பீக்கரைக் கேட்டாள். பிறகு உடம்பையே சுற்றிக்கொண்டு அதே காதால் மற்றதைக் கேட்டாள். சந்தையே வேடிக்கை பார்த்தது.

"இதுல ஒரு பக்கம் கரகரங்குது தம்பி. வேற எடுங்க."

"பழசு இப்டித்தான் இருக்கும்க்கா. பாட்டு கேட்டா போதும்ல?"

"ஒரு பக்கம் போதும்னா நான் ஏன் இங்க வரேன்?"

மூன்றாவதாக எடுத்தது சுத்தமாகக் கேட்டது. வெயில் ஏறும்வரை பேரம் பேசி, நூறு வெள்ளிக்குள் முடித்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

வீட்டில் ராமசாமி அசத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் வருஷம் தவறாமல் ஸ்பீக்கர் கட்டுகிறவர் ஆயிற்றே! ஒன்றை ஹாலில் கூரையோரம் ஏற்றியிருந்தார், இன்னொன்றைச் சமையலறை வாசலுக்கு மேலே. ஊருக்கே கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆம்ப்ளிஃபயரை ஹேன்ஃபோனோடு மாட்டிப் பாட்டைப் போட்டால், தபேலா ஹாலில் வாசிக்கிறது, வயலின் அடுப்படியில் அழுகிறது.

"பாட்டக் கூறு போட்டுட்டீங்க. எறக்குங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏணியைக் கொண்டுவந்தார். குமுதா இரண்டையும் ஸ்டூல்களில் காது உயரத்துக்கு வைத்து, கயிறு பிடித்து அளந்து, நேர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

குரல் நடுவில் வரவில்லை. பாடுகிறவள் வலது ஸ்பீக்கருக்குள்ளேயே குடியிருந்தாள். குமுதா நாற்காலியை நகர்த்தினாள், ஸ்பீக்கரைத் திருப்பினாள், வயரைக் கழற்றி மறுபடியும் மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"விடு குமுதா. நல்லாத்தான கேக்குது?"

"நல்லா இல்ல," என்றாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் முகப்பில் இருந்த குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று சத்தத்தைக் கூட்டியது, ஒன்று அடித்தொனியைக் குறைத்தது. கடைசிக் குமிழ் இரண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கு போடுவது. அதை இடப்பக்கம் திருப்பியபோது குரல் அசைந்தது. இன்னும் திருப்பினாள். வலது ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்தது, டிவி ஓரத்தைத் தாண்டியது, அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றது. குமுதா கையை எடுத்துவிட்டாள். கண்ணீர் தானாக வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ராமசாமியை அந்த நாற்காலியில் உட்காரவைத்து மறுபடியும் போட்டாள்.

"எல்லாம் லெஃப்ட்லயே கேக்குதே," என்று சொல்லிக்கொண்டே குமிழைப் பார்த்தார். அது நடுக்கோட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தது. டாக்டர் சொன்னபோது விளங்காதது இப்போது விளங்கியது.

"இவ்ளோவா போயிருச்சு?" என்றார் மெல்ல.

குமுதா குனிந்து குமிழை உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் திருப்ப எடம் இருக்குலா," என்றாள். "எந்திரிங்க, நான் கேக்கணும்."