சங்கு அக்கா போட்ட சத்தம்

நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலை ஒட்டி விளக்கறை. கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கும், இடுப்பில் மாட்டும் மூச்சுக் கருவியும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அரைத்தூக்கத்தில் வருகிறவனையும் உலுக்கிவிடும் தொண்டை. அதனால் எல்லோருக்கும் அவள் சங்கு அக்கா. அவள் கணவரும் அங்கேதான், நிலத்தடியில் கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டைக் கவனிக்கிறவர்.

அந்த வருஷம் பயிற்சிக் கூடத்துக்கு வி.ஆர். கண்ணாடிகள் வந்தன. மாட்டிக்கொண்டால் கூடம் மறைந்து சுரங்கம் தெரியும். தீப்பிடிக்கும், புகை சூழும். தப்பிக்கும் வழியைக் காதில் ஒரு குரல் சொல்லும். "தயவுசெய்து மூச்சுக் கருவியை அணிந்துகொள்ளவும்" என்று அது தேனொழுகச் சொன்னது. ஆட்களோ நெருப்பை வேடிக்கை பார்த்து நின்றார்கள். ஒருவர் கொட்டாவியே விட்டார்.

பயிற்சி தரும் பொறியாளர் பெண், என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் கைவைத்திருந்தபோது ஜன்னல் வழியே சத்தம் வந்தது.

"யோவ்! கருவி இல்லாம எங்க போற? மாமனார் வீட்டுக்கா?"

பொறியாளர் நேரே விளக்கறைக்குப் போனார். "அக்கா, இதே மாதிரி எனக்கும் கொஞ்சம் கத்திக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்ன மேடம், தினம் அதைத்தானே பண்றேன்!"

கண்ணாடியில் பழைய குரலுக்குப் பதில் அக்காவின் குரல் ஏறியது. "நிக்காதே! கருவிய மாட்டு! குனி! வெளிய போற வழிக்குக் கட்டியிருக்கிற கயித்தப் பிடிச்சுக்கிட்டே நட!" யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. கணவர் வியர்த்து வழியக் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்லயும் நீ, இங்கயும் நீயா? மனுஷன் எங்கதான் ஓடுவான்?" கூடமே சிரித்தது.

சில மாதங்களில் பெல்ட் நிஜமாகவே தீப்பற்றியது. கணவரும் உடன் வேலை செய்த மூவரும் புகைக்குள். அவள் சுரங்க வாயிலில் உயிரைக் கையில் பிடித்து நின்றாள். நால்வரும் கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தார்கள்.

முதலுதவி அறையில் கணவர் இருமலுக்கு நடுவே சொன்னார்: "ஒண்ணும் தெரியல. நீ கத்துனதுதான் காதுல இருந்துச்சு. கை தானா கருவிய மாட்டிருச்சு. ஆனா கடைசி ஆள் பின்தங்கிட்டான். கயிறு முடியப் போறப்பதான் தெரிஞ்சுது. திரும்பிப் போய் இழுத்துட்டு வந்தோம். அத நீ சொல்லவே இல்லியே."

மறுநாள் அவள் பயிற்சிக் கூடத்தில் நின்றாள். "மேடம், ஒண்ணு விட்டுப்போச்சு. அத இன்னைக்கே சேர்க்கணும்."

"பின்னாடி ஆள் வர்றானா பாரு! தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா!" அவளே யோசித்து, அவளே சொன்ன வரி அது. இப்போது வேறு சுரங்கங்களுக்கும் அந்தப் பயிற்சி போகிறது. டீக்கடையில் புது ஆள் யார் வந்தாலும், "அந்தக் குரல் எங்க வீட்டுக்காரம்மாவோடது" என்று கணவர் ஆரம்பித்துவிடுவார்.

வரி சேர்ந்த அன்று, சுரங்கத்துக்குள் இறங்கியே அறியாத அவளும் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். புகை மூடியது. தன் குரல் சொன்னபடியே குனிந்து நடந்து, கண்ணாடிக்குள் பின்னால் தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

கலைந்த தலைமுடியை ஒதுக்கி நிமிர்ந்து நின்றாள்.

"சரியாத்தான் மேடம் சொல்லியிருக்கேன்."