தாய்மாமன் படத்துக்கு மட்டும் மெமரி இல்லை

போன வாரம் கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பேனர் அடிக்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்கிறீர்களா? காமயகவுண்டன்பட்டியில் இருக்கிற என் தம்பி முருகேசனின் இரண்டு பிள்ளைகளுக்கும் மறுநாள் காதணி விழா. அத்தைக்காரி நான் போகாமல் வேறு யார் போவது?

எங்கள் பக்கத்துக் காதணி விழா பேனரைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பிள்ளைகள். சுற்றிலும் மொத்தச் சொந்தமும் — வெள்ளைச் சட்டையில், கூலிங் கிளாஸில், சிலர் செல்போனைக் காதில் வைத்து யாரிடமோ முக்கியமாகப் பேசியபடி... ஒரு முகம் விட்டுப்போனால் போதும், அவர் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பியவர்தான் தங்கப்பாண்டி. தம்பி மனைவி கவிதாவுக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். கடமலைக்குண்டில் விவசாயம். தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது வைத்த பேனரில் அவர் படம் இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை, மறதிதான். ஆனால் யார் நம்புவார்கள்? தெருமுனையில் பேனரைப் பார்த்தவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

பிள்ளைகளுக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். அந்த மடி இல்லாமல் விசேஷம் ஏது? கவிதாவும் தம்பியும் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைத்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டு "பார்ப்போம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைதான் கவிதாவின் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தத் தடவை அண்ணன் படம் பேனரில் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

கடைக்காரர் ரபீக். கலகலப்பான பிள்ளை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பாட்டு ஓடும், ஒரு பக்கம் பேனர் வேலை ஓடும். பெரியப்பா, சித்தப்பா, பங்காளி, சம்பந்தி எல்லோரையும் வரிசையாக ஏற்றி முடித்தார். கடைசியாகத் தங்கப்பாண்டி படம். அதை உள்ளே இழுத்துப் போட்டதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது — போதிய மெமரி இல்லை. அடுத்த நொடி டிசைன் புரோகிராம் மொத்தமாக மூடிக்கொண்டது. பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

மறுபடி திறந்தார். மறுபடி தங்கப்பாண்டி. மறுபடி மூடிக்கொண்டது.

"என்னக்கா இது! போன மாசந்தான் புதுசா மெமரி வாங்கிப் போட்டேன். பதினாறு ஜிபி இருக்கு. பாதி கூட செலவாகலைன்னு இங்கன காட்டுது பாருங்க. அப்புறம் ஏன் இல்லைங்குது?" ரபீக்குக்கே முகம் வாடிவிட்டது.

கவிதா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். "எல்லாரையும் ஏத்துக்கிட்டு எங்க அண்ணனை மட்டும் தள்ளுதே மதினி... மெஷினுக்குக் கூடவா அவுகளைப் பிடிக்கலை?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சிரிக்க? அதற்குள் தம்பி போன் செய்ய, இவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்ல, அவன் வீட்டில் யாரிடமோ சொல்ல... மெஷின் தங்கப்பாண்டி படத்தை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறதாம் என்ற செய்தி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. எங்கள் சொந்தத்தில் செய்திக்கு மட்டும் எந்தக் காலத்திலும் இடப் பஞ்சம் வந்ததில்லை.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அந்த புரோகிராம் ரொம்பப் பழசா?"

"ஆமா பாப்பா, ரொம்ப வருஷமா அதைத்தான் வச்சிருக்கேன்" என்றார் ரபீக். "நம்ம தமிழ் ஃபாண்ட்டு, பார்டரு எல்லாம் அதுலதான் ஒழுங்கா வரும்."

"அப்போ அது முப்பத்திரண்டு பிட் புரோகிராம். மெஷின்ல எவ்வளவு மெமரி போட்டாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் அதுக்கு ரெண்டு ஜிபிதான் கொடுக்கும். சிலதுக்கு மிஞ்சிப்போனா நாலு. அதுக்கு மேல இருக்கிற இடம் அது கண்ணுக்கே தெரியாது. அம்மா, உனக்குப் புரியற மாதிரி சொல்லட்டுமா? பந்தியில அண்டா அண்டாவா சோறு இருக்கு. ஆனா உன் இலை எவ்வளவோ அவ்வளவுதானே உனக்கு?"

புரிந்தது. ரபீக் வாங்கிப் போட்டது அண்டா. இலை பழைய இலையேதான்!

"இதுவும் நல்லதுக்குத்தாம்மா" என்றாள். "ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி இடம். ஒண்ணு இடம் போதாம விழுந்தாலும் மத்தது பாட்டுக்கு ஓடும்." பாட்டு ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சரி, இருக்கிற இடத்தைத் தின்பது யார்? அதையும் அவளே கேட்டு வாங்கினாள். பேனரில் ஒவ்வொரு முகமும் தனித்தனி லேயராம். கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் ஒரே தாள். பாரம் சட்டென்று குறைந்துவிடும்.

"அப்போ ஒட்டிர வேண்டியதுதானே அண்ணே?"

ரபீக் தலையைச் சொறிந்தார். "ஒட்டிட்டா அப்புறம் யாரையும் நகர்த்த முடியாது பாப்பா. இந்த ஊர்ல பேனர் பிரிண்டுக்குப் போற வரைக்கும் போன் வரும். அவரை மேல ஏத்து, இவரைக் கீழ இறக்குன்னு... அதுக்காகத்தான் நான் யாரையுமே ஒட்டுறதில்லை."

கேட்டீர்களா கதையை? எந்த நேரமும் யாரும் யாருக்கும் மேலே போகலாம் என்பதற்காக எல்லோரையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறோம். இருக்கிற இடமெல்லாம் அதற்கே சரியாகப் போகிறது. இது பேனரில் மட்டும்தான் நடக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒட்டிவிடலாமா என்று தம்பியைப் போனில் கேட்டால், "நான் எப்படிக்கா முடிவு சொல்றது? பெரியப்பா கோவிச்சுக்கிருவாக" என்று நழுவினான். கவிதாவோ அண்ணனை எங்கே வைப்பது என்று சொல்லவே பயந்தாள். மேலே வைத்தால் இந்தப் பக்கம் பேச்சு வரும். கீழே வைத்தால் அண்ணன் மறுபடி பைக்கைத் திருப்புவார். சாப்பிடக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தங்கப்பாண்டி!

செய்தி கடமலைக்குண்டு வரை போய், அவர் அங்கிருந்து கிளம்பி வந்தே விட்டார். கடையிலேயே சண்டை வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். "வாங்க, வாங்க" என்று எழுந்தேன். "வாரேன் மதினி" என்றவர் நேராகத் திரையைத்தான் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள், அவரைத் தவிர.

கவிதா ஓடிப்போய் முன்னால் நின்றாள். "அண்ணே, நாங்க விடலைண்ணே. சத்தியமா நாங்க விடலை. மெஷினுதான்..." என்று திரையைக் காட்டினாள்.

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஏன் ஆத்தா, காலையில இருந்து இங்கனயா உக்காந்திருக்க? சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

ரபீக்கிடம் திரும்பினார். "தம்பி, என்ன பண்ணா இது வேலை செய்யும்?" ரபீக் விஷயத்தைச் சொன்னார். "அம்புட்டுத்தானா? ஒட்டுங்க. இப்ப யார் யார் எங்கன இருக்காகளோ அங்கனயே இருக்கட்டும். யாராவது கேட்டா தாய்மாமன் சொன்னாகன்னு சொல்லிருங்க. என்னைய எந்த மூலையில இடம் இருக்கோ அங்கன வைங்க. மடியில பிள்ளைகளை வைக்கப் போறது நான்தானே, படமா?"

கவிதா அந்தக் கடையிலேயே அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

ரபீக் எல்லோரையும் ஒட்டினார். கடைசியில் தங்கப்பாண்டியை உள்ளே இழுத்தார். எல்லோரும் திரையையே பார்த்தோம். பெட்டி எதுவும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடைவெளியில் அவர் பாட்டுக்கு வந்து நின்றார். அதன் பிறகுதான் அண்ணனும் தங்கையும் எதிர் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் பெரியவன் காது குத்தும்போது மாமன் தோளைக் கடித்துவிட்டான். சின்னவள் ஊரே கேட்கக் கத்தினாள். தங்கப்பாண்டி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வாசலில் இருந்த பேனரை அவர் நின்று பார்த்த மாதிரியே தெரியவில்லை.

மகளுக்கு நன்றி சொன்னேன். ரபீக்குக்கும் சொன்னேன். ஆனால் பெரிய நன்றி யாருக்கு? இதற்கு மேல் முடியாது என்று நேரம் பார்த்து மூடிக்கொண்ட அந்த புரோகிராமுக்குத்தான். அது மட்டும் ஒழுங்காக வேலை செய்திருந்தால் பேனரில் படம் வந்திருக்கும், அண்ணன் வந்திருப்பாரா?

நேற்று ரபீக் போன் செய்தார். அறுபத்து நாலு பிட் புது புரோகிராம் வாங்கப் போகிறாராம், இனி எத்தனை முகம் வேண்டுமானாலும் தனித்தனியாகவே வைக்கலாமாம்.

வாங்குங்கள் தம்பி, ஆனால் பழசை அழித்துவிடாதீர்கள் என்றேன். எங்கள் சொந்தத்தில் பேசாமல் இருக்கிறவர்கள் இன்னும் சில பேர் பாக்கி!