ஒட்டிக்கொண்ட திக்கல்

என் வாய்க்குச் சொந்தப் பேச்சே கிடையாது என்று அம்மா திட்டுவார். எதிரில் யார் பேசினாலும் அவர் பேச்சு எனக்கு ஒட்டிக்கொள்ளும். கோட்டக்குப்பத்துத் துணிக்காரர் வந்துபோனால் அன்று முழுக்க "ஜல்தி, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். எண்பதுகளின் நடுவில் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்களுக்கு டிரங்க் கால் போடும் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அங்கே அது வினையாகிவிட்டது.

கேட்ட ஊரையும் நம்பரையும் நாங்கள் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். உள்ளூரில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் தினமும் விழுப்புரத்துக்குக் கால் கேட்பார். அவருக்குத் திக்குவாய். முதல்நாள் நான் எடுத்தபோது, "வி... வி... விழுப்புரம்மா" என்றார். "வி... வி... விழுப்புரமா சார்?" என்றேன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்து செய்யவில்லை. அவர் போனை வைத்த சத்தம் காதில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாளே புகார் வந்துவிட்டது. சூப்பர்வைசர் என்னை நிற்கவைத்தே பேசினார். "இன்னும் உனக்கு வேலை நிரந்தரம் ஆவல. இன்னொரு தபா கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு, வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

பக்கத்து சீட் அக்கா இரக்கப்பட்டார். "அந்தாளு கால நான் எடுத்துக்கறேன். நீ ஏன் பயந்துக்கினு கெடக்கற?"

"வேணாங்க்கா. நானும் எடுப்பேன்."

எடுத்தேன். என் குரல் கேட்டாலே வைத்துவிடுவார். அக்கா எடுக்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். எனக்குக் கோபம் என்மேல்தான். அடுத்தவர் பேச்சு வந்து ஏறி உட்கார என் வாய் என்ன பெஞ்சா? விழுப்புரத்திலிருந்து ரயிலில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். முறுக்குக்காரர் கூவ, பிள்ளைகள் அழ, ஜன்னல் பக்கம் திரும்பி, ஊர்களையும் நம்பர்களையும் என் வேகத்தில் சொல்லிப் பழகினேன். எதிர் சீட்டுக்காரர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அக்கா லீவு போட்ட ஒரு மதியம், ஸ்விட்ச்போர்டில் நான் மட்டும். மண்டிக்காரர் கூப்பிட்டார். வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததோ என்னவோ, வைக்கவில்லை. "வி... வி..." என்றார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன். மூச்சை நிதானமாக இழுத்து, "விழுப்புரம். சரிங்க சார்" என்றேன். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அதே சூட்டில் சொல்லியும்விட்டேன்.

"சார், அன்னிக்கு நான் கிண்டல் பண்லீங்க. எதிர்ல யாரு பேசினாலும் எனக்கு அப்படியே ஒட்டிக்கும். நம்புங்க."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அ... அப்படி ஒ... ஒட்டுமாம்மா?"

"ஒட்டும் சார். ஒட்டினதே எனக்குத் தெரியாது."

"எம் பொ... பொண்ணுக்கு நாலு வயசு. மத்தவங்ககிட்ட நல்லாப் பேசுது. எங்கிட்ட மட்டும் இ... இப்படிப் பேசுது. நக்கல் பண்ணுதுன்னு நே... நேத்து அ... அடிச்சிட்டேம்மா."

அவர் வழக்கமாகக் கேட்கும் விழுப்புரத்துக் கடை நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதப்போனேன்.

"அ... அது வேணாம். அங்கியே எங்க வீட்டு நம்பர் போடுங்க" என்று நம்பரைச் சொன்னார்.

போட்டேன். மணி அடித்தது. "அலோ, யாரு?" என்றது ஒரு சின்னக் குரல், பளிச்சென்று.

"க... கண்ணு" என்றார் அவர்.

"அ... அ... அப்பா!"

"ஆ... ஆமாம் கண்ணு. அப்பாதான்."

நான் லைனைவிட்டு விலகினேன்.