கம்பியை விடாத கண்டக்டர்

இடது கையால் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தண்ணீருக்குள் துழாவி அடுத்த படியைத் தேடுகிறார். கிடைத்ததும் ஒரு பெருமூச்சு. நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை நேரம் இது. மார்பளவுத் தண்ணீர்தான். அவர் முகத்தைப் பார்த்தால் கடலையே தாண்டப் போகிறவர் போலிருக்கும்.

இத்தனைக்கும் ஓடும் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பியைத் தொடாமல் நிற்கிறவர். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் பென்சில். டிரைவர் எப்படி பிரேக் போட்டாலும் அசைய மாட்டார். அந்தத் தடத்தில் போய் வருகிற எல்லோருக்கும் அவர் 'பத்தொன்பதாம் நம்பர் அக்கா'. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று ஒரு அதட்டல் போட்டால் எப்பேர்ப்பட்ட முரடனும் நகர்ந்துவிடுவான். வீட்டுக் கதவைச் சாத்தும்போதும் "ரைட், ரைட்" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தண்ணீர் மட்டும் அவருக்கு ஆகாது. பதினைந்து வயதில், ஏரிக்குள் தம்பி கையை ஆட்டியபோது விளையாடுகிறான் என்று நினைத்துக் கரையில் நின்று சிரித்தார். பிறகு கத்தினார். இறங்கத் தெரியவில்லை. "அவன் சட்டை என் கையிலதான் இருந்துச்சு" என்பதோடு நிறுத்திவிடுவார்.

"நீச்சல் கத்துக்கணும்" என்று போய் நின்ற அன்று, மகள் வயதுப் பயிற்சியாளர் மடக்கிக் கேட்டாராம்: "அது வெறும் ஆசை, அக்கா. எங்கிருந்து எங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு சொல்லுங்க."

அது கண்டக்டர் பாஷை. உடனே புரிந்துவிட்டது. பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், பஸ் தடத்துக்குப் பிரிப்பதுபோல ஸ்டேஜ் பிரித்து எழுதினார்: முதல் படி, கடைசிப் படி, நடுக்குளம், எதிர்ப்பக்க ஏணி. ஏணிக்கு நேராகத் தன் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா? இனிமே யாரைக் காப்பாத்தப் போற?" என்றாள் மகள்.

"யாரையும் இல்லடி. அவன் இருந்த இடத்துல ஒரு தடவையாவது நான் இருக்கணும்."

மறுநாள் மகள் துண்டை மடித்து அம்மாவின் பையில் வைத்தாள்.

மூன்று மாதமாகியும் வண்டி இரண்டாம் ஸ்டேஜைத் தாண்டவில்லை. பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்த அந்தக் காலையிலும் கடைசிப் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். பயிற்சியாளர் நடுக்குளத்திலிருந்து கையை நீட்டினார். "நான் இருக்கேன் அக்கா, கம்பியை விடுங்க." விரல்கள் வெளுத்தனவே தவிர, விடவில்லை. இறங்க வந்த பெண்கள் மூன்று பேர் அவருக்குப் பின்னால் மேல்படியில் காத்து நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது தெரிந்ததும், பழக்கதோஷம், திரும்பிப் பார்க்காமலே அதட்டிவிட்டார்: "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!"

குளமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து, தான் நிற்கும் படியைப் பார்த்தார். அப்புறம் முதலில் கையை எடுத்தார், பிறகு காலை.