மாமாவின் டிஸ்க்கில் ஒரு மைனஸ்

கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் 'மீதம் உள்ள இடம்' என்று போட்டிருந்தது. அதற்கு எதிரே நீளமாக ஓர் எண், எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ். மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த மைனஸை உற்றுப் பார்த்தார். தூசியாக இருக்குமோ என்று விரலால் துடைத்தார். போகவில்லை. "ஏங்கண்ணு, இடமே இல்லீன்னா சைபர்னு காட்டோணும். சைபருக்கும் கீழ எப்புடி இடம் இருக்கும்?" என்று கேட்டார். படங்களைச் சேர்த்து வைக்க, புத்தம் புதிதாக, உள்ளதிலேயே பெரிய டிஸ்க்காகப் பார்த்து அப்போதுதான் வாங்கியிருந்தார். வேறொருவராக இருந்தால் விற்ற கடைக்காரனை வாய் நிறையத் திட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கியிருப்பார். மாமாவுக்கோ அது எப்படி என்று தெரிந்தால் போதும்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கோடையில் ஏரிக்கரையில் நின்று வெளியூர்க்காரர்களைப் படம் எடுப்பார். மற்ற மாதங்களில் கல்யாணம், சர்ச் திருவிழா, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ. இவற்றோடு இன்னொரு வேலையும் அவரைத் தேடி வரும். மலைக் கிராமங்களில், எஸ்டேட் லைன் வீடுகளில் வயதானவர் யாராவது இறந்துபோனால், சட்டம் போட்டு வைக்க வீட்டில் அவருடைய படம் இருக்காது. ஆதார் அட்டையில் இருக்கிற படத்தை அவருடையது என்று அவரே நம்பமாட்டார். ஆனால் எங்காவது ஒரு கல்யாணத்தில், யாருடைய தோளுக்குப் பின்னாலாவது நின்றிருப்பார். வீட்டார் மாமாவிடம் வந்து இன்ன ஊர்க் கல்யாணம் என்று சொல்வார்கள். மாமா அந்தக் கூட்டத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தருவார். பக்கத்தில் நின்றவரின் காது ஒட்டிக்கொண்டு வந்தால் அதைப் பொறுமையாக அழிப்பார். இதனாலேயே அவர் ஒரு படத்தைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. கலங்கினது, கண் மூடினது, பந்தியில் இலை மட்டும் தெரிவது, எல்லாமே டிஸ்க்கில் இருக்கும். அத்தை கேலி செய்தால், யாருக்கு எது முகம் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பார்.

அந்தக் காலை நான் அங்கே இருந்தது தற்செயல்தான். அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்ததால் ஏற்காட்டுக்கு வந்துவிட்டேன். மாமா போன் செய்ததும் எட்டிப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த மைனஸ் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கிற இடமல்ல. எல்லோருக்கும் அடிக்கடி தேவைப்படுகிற சின்னச் சின்ன வேலைகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், மற்ற சாஃப்ட்வேர்காரர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வார்கள். அந்தத் தொகுப்புதான் லைப்ரரி. அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஃபங்ஷன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லவும் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதை எழுதிய காலத்தில் டிஸ்க்குகள் சிறியவை. பதிலுக்கு இத்தனை இலக்கம் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். டிஸ்க் அதைத் தாண்டி வளர்ந்ததும் எண்ணின் தலைப்பக்கம் வெட்டுப்பட்டு, மிச்சம் ஏதோ ஒன்று பதிலாக வந்து நிற்கிறது. சில சமயம் சின்ன எண்ணாக, சில சமயம் மைனஸாக. பெரிய டிஸ்க்குகளுக்காக அந்த லைப்ரரியைத் திருத்தி எழுதும் வேலைதான் அப்போது எங்கள் குழுவில் நடந்துகொண்டிருந்தது.

இதை மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பிடித்துக்கொண்டுவிட்டார். அவருடைய கேமராவும் படங்களுக்கு நான்கு இலக்கத்தில்தான் எண் போடும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வாங்கிய புதிதில் அது தெரியாமல் எல்லாக் கல்யாணங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருக்கிறார். எண் திரும்பி வந்ததும் பழைய மணப்பெண்ணின் இடத்தில் புது மணப்பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்துதான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஊர்ப் பெயரில் தனி ஃபோல்டர். "அதே கூத்துதானா இங்கயும்?" என்று சிரித்தார். அதே கூத்துதான் என்றேன்.

இலக்கத்தைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததல்லவா என்றார். தீராது. பழைய ஃபங்ஷனை நம்பி எழுதிய சாஃப்ட்வேர்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை பதிலை வாங்க வைத்திருக்கும் பாத்திரம் பழைய அளவுதான். நாம் பெரிதாக ஊற்றினால் வழிந்து பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஆகவே பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே பெரிய எண் சொல்லும் புது ஃபங்ஷன் ஒன்று வைக்க வேண்டும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. தன்னால் சொல்ல முடியாத அளவு டிஸ்க் வந்தால் பழையது என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் குழுவில் இழுபறி. தனக்குத் தெரிந்த மிகப் பெரிய எண்ணைச் சொல்லிச் சமாளிக்கட்டும் என்று ஒரு கட்சி. முடியாது என்று நின்றுவிடட்டும் என்று இன்னொரு கட்சி. நான் நடுவில் ஆடிக்கொண்டிருந்தேன். மாமா யோசிக்கவே இல்லை, முதல் கட்சியில் சேர்ந்துவிட்டார். தெரிந்தவரைக்கும் சொல்லிவிட்டுப் போகட்டுமே, வேலை நிற்காமல் இருந்தால் சரி என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பேசிக்கொண்டே, மாமா படங்களை அடுக்கி வைத்திருந்த, அந்த மைனஸைக் காட்டிய சாஃப்ட்வேரின் அமைப்புகளைப் புரட்டினேன். அது கண்காணிப்புக் கேமராக்களுக்காக எழுதப்பட்டது. யாரோ மலிவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இடம் போதாவிட்டால் மிகப் பழையதை அழித்து இடம் பண்ணிக்கொள்வது அதன் வழக்கம். கடை வாசலைப் படம் பிடிக்கிற கேமராவுக்கு அது சரி. இங்கேயோ, மைனஸைப் பார்த்து இடமே இல்லை என்று நம்பி, திறக்கும்போதெல்லாம் மாமாவின் பழைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் காலியாக இருக்கிற டிஸ்க்கில்! அதை நிறுத்தினேன். படங்களை இதற்கு மாற்றிய கையோடு முந்தைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டுச் செத்துப்போயிருந்தது, வேறு பிரதி இல்லை. எதெது போயிற்று என்று அப்போது தெரியவில்லை. மாமா கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைச்சோலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவளுடைய அப்பா அன்று விடியற்காலையில் இறந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அடக்கம். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். மாரமங்கலத்தில் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு அப்பா போயிருந்தார், அதில் இருப்பார் என்றாள். மாமா தேடினார். அழிந்தவற்றில் அந்த ஃபோல்டரும் ஒன்று. நான் திரையைப் பார்த்தேன், அவளைப் பார்க்க முடியவில்லை. அழிந்ததை மீட்டெடுக்க வழி உண்டு. ஆனால் நாளாகும், கிடைக்கும் என்றும் உறுதி சொல்ல முடியாது. அவளுக்கோ மாலைக்குள் வேண்டும்.

"இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க சாமி. பாத்துட்டுச் சொல்றனுங்க. செத்த உக்காருங்க" என்றார் மாமா.

எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஃபோல்டர் இல்லை என்று கண்ணெதிரே தெரிகிறது, பிறகு என்ன தெரியலீங்க? அந்தப் பெண்ணை எதற்குக் காக்க வைக்க வேண்டும்? மாமா அவளுக்கு டீ வரவழைத்துவிட்டு, கல்யாண வீடுகளில் உங்கள் அப்பா என்ன வேலை செய்வார் என்று விசாரித்தார். போட்டோவுக்கு வந்து நிற்கவே மாட்டார், பந்தி பரிமாறிக்கொண்டே இருப்பார் என்றாள். அப்புறம் மாமா மேடைப் படங்கள் பக்கமே போகவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருந்த கல்யாண ஃபோல்டர்களில், அத்தை கேலி செய்யும் அந்தப் பந்திப் படங்களை மட்டும் திறந்தார். இலைகள், முதுகுகள், யாரோ ஒருவரின் வேட்டி. நாங்கள் மூன்று பேரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அவள் கை நீட்டினாள். யாருடைய கல்யாணமோ. வெளிச்சம் போதாத பந்தல். ஓரத்தில் சாம்பார் வாளியோடு குனிந்து, வாய் திறந்திருக்க, ஒரு மனிதர் இலையைப் பார்க்காமல் சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாங்க" என்றாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கன்னு சொல்லிட்டு இருக்காருங்க" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? மாமா வாளியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கட்டும் என்றாள். வாளியோடுதான் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

அவள் பஸ் ஏறிய பிறகு மாமாவிடம் கேட்டேன், இல்லை என்று ஏன் சொல்லவில்லை என்று. "இல்லீன்னு சொல்றதுக்கும் தெரிஞ்சிருக்கோணுமில்ல கண்ணு" என்றார். சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டார், தான் காலையில் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதே அவருக்கு ஞாபகமில்லை.

நான் கட்சி மாறிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் சண்டை பிடித்தேன். பழைய ஃபங்ஷன் தன் அளவை மீறிய டிஸ்க்கைக் கண்டால் எந்த எண்ணையும் சொல்லக் கூடாது, தெரியாது என்று தனியாகச் சொல்ல வேண்டும், அந்தத் 'தெரியாது'ம் சைபரும் ஒருபோதும் ஒன்றாகிவிடக் கூடாது என்றேன். சாஃப்ட்வேர்கள் நின்றுபோகுமே, புகார் வருமே என்றார்கள். கடைசியில் அப்படியே செய்தோம். புகார் வந்தது, திட்டும் வாங்கினோம். ஆனால் நின்றுபோன சாஃப்ட்வேர் எதையும் அழிப்பதில்லை. புதிய ஃபங்ஷன் எண்ணைச் சொல்லும் முன்பு, அந்த எண் தனக்குத் தெரியுமா என்பதைச் சொல்லும்.

போன மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார். ஸ்டுடியோவைக் காலி செய்தபோது டிஸ்க்கை நான் எடுத்துவந்துவிட்டேன். அம்மாவுக்குத் தம்பியின் படம் ஒன்று வேண்டுமாம், சிரிக்கிற மாதிரி. ஆதார் அட்டையில் இருப்பவரைத் தனக்கு அடையாளமே தெரியவில்லை என்கிறாள். வீட்டில் யாராவது போனை நீட்டினால்கூட மாமா, கொடுங்க நான் எடுக்கறேன் என்று வாங்கிக்கொண்டுவிடுவார். அதனால் எங்கள் போன்களில் நாங்கள்தான் இருக்கிறோம். தினமும் வேலை முடிந்ததும் டிஸ்க்கை மாட்டி ஒவ்வோர் ஊராகத் திறந்து பார்க்கிறேன். கண்ணாடி பீரோ, பளபளக்கும் குத்துவிளக்கு, மணமகன் வீட்டுக் காரின் கதவு என்று எதையும் விடுவதில்லை. மாமா எதிலும் இல்லை. ஆனால் மாலையோடு நிற்கும் மாப்பிள்ளை, தலைச்சோலைக் கிழவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை வரிசையாக, எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். பாதிப் பேர் அவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரையின் கீழ் மூலையில் 'மீதம் உள்ள இடம்' இப்போது சரியாகக் காட்டுகிறது. மைனஸ் இல்லை. நிறைய இடம் இருக்கிறது, போட்டுவைக்க மாமாதான் இல்லை. இன்று காலையிலும் அம்மா போன் செய்து, கிடைத்ததா, இல்லையா என்று கேட்டாள்.

"தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.