சேவுக் கடை ஜன்னலும் கோமதிநாயகமும்

போன மாதம் சங்கரன்கோவிலில் காராச்சேவு வாங்கப் போனேன். கடையில் தலைக்கு மேலே கறுப்பு உருண்டையாக ஒரு கேமரா. 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று பலகை வேறு. பல் போய், சேவையே காப்பியில் ஊறவைத்துத் தின்கிற ஆள் நான். என்னத்தைத் திருடிவிடப் போகிறேன், சொல்லுங்கள்.

எண்ணெயில் சேவு வேகிற வாசனை மட்டும் மாறவில்லை. அந்த வாசனைக்காகவே சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போவோம், நானும் கோமதிநாயகமும். அவன் அப்பா கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அம்மா விடிந்ததும் தறிக்குப் போய்விடுவாள். பயல் ஒல்லிக்குச்சி. வேலாயுத அண்ணாச்சியின் சேவுக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதில் ஓணான் மாதிரி நுழைந்துவிடுவான். ஒரு தடவை கையும் சேவுமாகப் பிடிபட்டபோது ஏட்டையா, "இன்னொரு தடவ மாட்டுனாம்னா பையம்மாரு ஜெயிலுக்கு அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டார். அவன் அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எங்கள் தெருவில் யார் பிள்ளையின் காதையும் யாரும் திருகலாம். என் இடது காது இன்றும் கொஞ்சம் நீளம். ஆனால் இவனுக்குத் திருகல் மட்டும் போதாது என்றாள் எதிர்வீட்டு மீனாட்சி மைனி.

"பசிச்ச பய களவாங்கத்தான் செய்வான். வீட்டுக்கு ஒரு நாளா சோறு போடுவோம். தின்னுட்டு நம்ம கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்."

முறை வைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டுச் சமையலை இன்னொரு வீடு நம்ப வேண்டுமே! "நேத்து அவ என்னத்தப் போட்டாளோ, பாவம்" என்று முறையில்லாத வீடுகளும் கூப்பிட்டன. எங்கள் அம்மா உளுந்தஞ்சோறு போட்டாள். அவனுக்கு 'வேண்டாம்' என்ற சொல்லே தெரியாது. பொங்கலுக்குள் உருண்டு திரண்டுவிட்டான்.

வயிறு நிறைந்ததே தவிர, நாக்கு சேவையேதான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம், பழைய ஜன்னலில் தலையை விட்டான். தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு மாட்டேன் என்றுவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. ஆளுக்கொரு காலை இழுக்க, மைனி செக்கெண்ணெயை ஊற்ற, உள்ளேயிருந்து "மெதுவா இழுங்க!" என்று அலறல். அந்த நேரம் பார்த்துத்தான் ஏட்டையா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன வே நடக்கு இங்கன?"

சத்தம் கேட்டுத் தறியை விட்டு ஓடிவந்திருந்த அவன் அம்மா மறுபடியும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்னே சேவைப் பறிகொடுத்த அண்ணாச்சிதான், சாப்பிட்ட கையோடு ஓடிவந்து நின்றவர், வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல ஏட்டையா. இந்த ஜன்னல்ல கள்ளன் நொழைய முடியுமான்னு அளவு பாக்கோம். நாந்தான் பயல விட்டுப் பாக்கச் சொன்னேன்."

தெரு மொத்தமும் தலையாட்டியது. ஏட்டையா, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முடியாதுன்னு தெரிஞ்சிட்டுல்லா? பெறவென்ன, இழுங்க" என்று தானும் ஒரு காலைப் பிடித்தார்.

கோமதிநாயகம் அதற்குப் பிறகு திருடவில்லை. அந்த உடம்போடு எங்கே நுழைவது? அதே கடையில் சேவு போட்டு, பேரன் பேத்தி எடுத்து, போய்ச் சேர்ந்தும் விட்டான். எனக்குத்தான் அவன் இல்லாமல் சேவு ருசிக்கவில்லை.

பொட்டலத்தோடு கடைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குப் போனேன். ஜன்னலை அடைத்துச் சுவர் வைத்திருந்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு, யாரும் சந்தேகப்படும்படிதான் வெகுநேரம் நின்றேன். அங்கேயும் ஒரு கேமரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என் இடது காது பழக்கதோஷத்தில் குறுகுறுத்தது. போகிறவர்கள் வருகிறவர்களில், "ஏலே, நீ யாரு மவன்?" என்று கேட்க ஒருத்தர் இல்லை.