எண்ணெய்த் தலையோடு வந்த வேன்

போகாத அருவியில் நான் குளித்துவிட்டேன்.

குளித்ததோடு நிற்கவில்லை. "முதுகில் விழுந்த தண்ணீர், நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் உரிமையோடு நாலு சாத்து சாத்தியது போலிருந்தது" என்று என் வலைப்பூவில் எழுதியும் வைத்துவிட்டேன். அந்த வரி எனக்கே பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டேன். எழுதிய நேரத்தில் நான் இருந்தது கள்ளக்குறிச்சியில், என் வீட்டு முன்னறையில், ஃபேனுக்கு அடியில். முதுகில் விழுந்துகொண்டிருந்தது வியர்வை.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சோம்பேறித்தனத்தால் வந்த வினை இல்லை. ஒழுங்கால் வந்த வினை. சோம்பேறியாக இருந்தவரை என் வலைப்பூவில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வலைப்பூவின் லட்சணம் தெரியும். தோன்றினால் மலைக்கு பஸ் ஏறுவேன். கண்ணில் பட்டதை வந்து எழுதுவேன். வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த சேவல், கோர்ட் வாசல் டீக்கடையில் வாய்தாவுக்கு வந்தவர்கள் பேசும் அரசியல், கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்ட சாமைச் சோறு... இப்படி. சில வாரம் அடுத்தடுத்து எழுதுவேன். சில மாதம் ஒன்றுமே இருக்காது. படிக்கிறவர்களும் என்னை அப்படியே சகித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடிக்கு வந்தான் மச்சான்.

என் மனைவியின் தம்பி பாஸ்கர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. என் வலைப்பூவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்க பிளாக்குல இன்னா பிரச்சினை தெரியுமா? ஆர்டரே இல்ல."

"ஓட்டல்லதாண்டா ஆர்டர் வேணும்."

"நீங்க எப்ப போஸ்ட் போடுவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டா தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. ஒழுங்கானவர்கள் லேசில் சிரிப்பதில்லை. என் கம்ப்யூட்டரில் ஒரு காலண்டரைத் திறந்தான். மலைக்குப் பச்சைக் கட்டம், சாப்பாட்டுக்கு மஞ்சள் கட்டம், ஊர்க் கதைக்குச் சிவப்புக் கட்டம். எல்லாப் பதிவையும் முன்கூட்டியே மொத்தமாக உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். தேதியைக் குறித்து 'ஷெட்யூல்' செய்துவிட்டால், அந்தந்த நாள் காலையில் அதுவே வெளியாகிவிடும். நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். செத்தே போயிருக்கலாம். பதிவு வந்துகொண்டே இருக்கும்.

"அப்புறம் ஃபோகஸ் மாமா. எழுதறப்ப போனை மியூட்ல போடுங்க. கமெண்ட்டெல்லாம் ஞாயித்துக்கெழமை சாயந்திரம் மட்டும் பாருங்க. அதையே பாத்துக்கினு இருந்தா கவனம் எப்படி நிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஐம்பதை நெருங்குகிறவனிடம் போய் 'உன் வாழ்க்கையைக் கட்டம் போட்டு அடுக்கிவிடலாம்' என்று யாராவது சொல்லிப் பாருங்கள். ஏறி உட்கார்ந்துவிடுவான். நானும் உட்கார்ந்தேன். மனைவி மட்டும் கட்டங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கட்டம் ரேஷன் கடைக்கு விடுங்க" என்றாள்.

ஆவணியில் ஒரு பச்சைக் கட்டம் காலியாக இருந்தது. ஆவணி என்றால் மலையில் எப்படியும் மழை பெய்திருக்கும். மழை பெய்தால் கரியாலூரைத் தாண்டி இருக்கும் அருவியில் தண்ணீர் கொட்டும். வருஷா வருஷம் பார்க்கிறோமே! எனவே ஆடியிலேயே அருவியைக் கொட்டவிட்டேன். அடியில் போய் நின்றேன். முதுகில் சாத்து வாங்கினேன். தேதி குறித்து பட்டனைத் தட்டினேன்.

பதிவு சொன்ன நாளில் வெளியானது. மழைதான் வரவில்லை.

இப்போது அமுதா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலவனாசூர்கோட்டையில் பள்ளி ஆசிரியை. என் வலைப்பூவின் ஆரம்ப கால வாசகி. எதை எழுதினாலும் முதல் கமெண்ட் அவருடையதாகத்தான் இருக்கும். நேரில் பார்த்ததில்லை. வாக்கப்பட்டது பெரிய விவசாயக் குடும்பம். வருஷத்துக்கு ஒரு தடவை, நடவு முடிந்ததும் வேன் பிடித்து எல்லோரும் வெளியே போவார்கள். எங்கே என்று மாமியார் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் ஒரே கோயிலைச் சொல்வார்.

இந்த வருஷம் டீச்சர் முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறார். "அருவிக்குப் போலாம் அத்தை." தண்ணீர் இருக்குமா என்று மாமியார் கேட்க, ஆதாரமாக என் பதிவை எடுத்து, அந்த முதுகு வரி உட்பட, வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். மாமியார் அசந்துவிட்டார்.

"அப்படின்னா எண்ணெய் தேச்சிக்கினே போயிடலாம்."

அருவிக்கரையில் தேய்த்தால் பாறை வழுக்கும், பிள்ளைகள் விழும். வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்பினால், வேன் மலை ஏறுவதற்குள் உச்சந்தலையில் நன்றாக இறங்கியிருக்கும். அவர் கணக்கு அது. கிளம்பியதோ சனிக்கிழமை. அந்த வீட்டில் சனிக்கிழமை ஆண்களுக்குத்தான் எண்ணெய்க் குளியல், பெண்களுக்கு வெள்ளி. அதையும் மாமியாரே தளர்த்தியிருக்கிறார். "மலைக்குப் போறப்ப இன்னா கெழமை?" மருமகள் பேச்சுக்காக அந்த வீட்டில் ஒரு சட்டம் வளைந்தது அதுதான் முதல் தடவையாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று டீச்சர் முன்னாடியே எனக்கு ஒரு கமெண்ட் போட்டிருந்தார். "அண்ணே, சனிக்கிழமை குடும்பத்தோட போறோம். தண்ணி நல்லா வருதுங்களா?"

நான் பார்க்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதானே கமெண்ட்? நான் ஃபோகஸில் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் 'எழுதுகிறேன், கூப்பிட வேண்டாம்' என்று கதவில் காகிதம் ஒட்டிவிட்டு, மார்கழிக்கான பச்சைக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மலையில் மூடுபனி. எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடுங்கினேன். வாசலில் ஹார்ன் சத்தம்.

கதவைத் தட்டாமலே மனைவி உள்ளே வந்தாள்.

"ஏங்க, யாரோ வேன்ல வந்திருக்காங்க. பெரியவங்க, சின்னவங்க எல்லாரும் பளபளன்னு இருக்காங்க."

போய்ப் பார்த்தேன். பளபளப்பில் ஒரு குறையும் இல்லை. வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை தலையிலும் நல்லெண்ணெய். நெற்றியில் வழிந்து, காதோரம் இறங்கி, அதன்மேல் மலைப்பாதைப் புழுதி படிந்து... வடாம் காயவைக்கிற வெயில் வேறு. தோளில் துண்டு. கையில் சீயக்காய் டப்பா. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

வீடு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒவ்வொரு பதிவின் அடியிலும் அடையாளத்தோடு எழுதுகிறேனே — 'கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தால் நம் வீட்டுக்கு வாங்க' என்று! இதுவரை யாரும் வந்ததில்லை என்கிற தைரியத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான்தான் எலவனாசூர்கோட்டை அமுதா" என்றார் டீச்சர். எண்ணெய்க்கு நடுவிலும் சிரிக்கப் பார்த்தார். "அருவியில தண்ணி இல்லிங்கண்ணே. கமெண்ட்டுல கேட்டுகூட எழுதியிருந்தேனே."

"சுத்தமா இல்லியா?"

"பாறைதான் சார் இருந்திச்சி" என்றார் அவர் கணவர். "அதுமேல ஒரு ஆடு படுத்துக்கினு இருந்திச்சி. எங்களப் பாத்துட்டு எழுந்துகூடப் போவல."

கடைசியாக மாமியார் இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ பேச்சக் கேட்டு வந்தோம் பாரு. அடுத்த வருசம் வேன எடுத்தா நேரா கோயிலுதான். இனிமே யாரும் எனக்கு யோசனை சொல்லக் கூடாது." டீச்சர் தரையைப் பார்த்தார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, நீ எப்பக் குளிச்ச?"

ஒரு பொய் நுனிநாக்குவரை வந்துவிட்டது. 'போன வாரம் கொட்டிச்சும்மா, நீங்க லேட்டா போயிட்டீங்க.' நான் தப்பித்துவிடுவேன். ஆனால் லேட்டான பழி யார் தலையில் விழும்? ஏற்கெனவே எண்ணெய் வழிகிற அந்தத் தலையில்தான். என் ஒழுங்குக்காக இன்னொருத்தர் தன் வீட்டில் வாயை மூடிக்கொண்டு காலம் தள்ள வேண்டுமா?

"நான் குளிக்கவே இல்லம்மா. போகவே இல்ல. ஆடியிலயே வூட்டுல உக்காந்து எழுதி வச்சிட்டேன். தண்ணி வருதான்னு டீச்சர் கேட்டு வேற எழுதியிருக்காங்க போல. நான் அதையும் படிக்கல. தப்பு முழுக்க என்னுது. அவங்களுது ஒண்ணுமே இல்ல."

மாமியார் புடவைத் தலைப்பால் நெற்றி எண்ணெயைத் துடைத்துக்கொண்டு என் கிட்டே வந்தார்.

"பாக்காமயே எழுதினியா?"

"ஆமாம்மா."

மாமியார் மருமகளிடம் கேட்டார். "படிச்சவங்க இப்படிக்கூடச் செய்வாங்களா?"

"இவரு அப்படிப்பட்டவரு இல்ல அத்தை" என்றார் டீச்சர். "இப்பதான் யாரோ கெடுத்து வுட்டிருக்காங்க."

என் மனைவி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி பாசம்.

"சரி, அது கெடக்குது. உங்க வூட்டுலயாவது தண்ணி இருக்கா?"

மோட்டாரைப் போட்டேன்.

அப்புறம் நடந்ததைத் தெருவே மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தது. பெண்களில் சிலருக்குக் குளியலறை. ஆண்களுக்குத் துவைக்கிற கல்லுப் பக்கம் ஹோஸ் பைப். மனைவி, வீட்டில் இருந்த பக்கெட்டையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். அதற்குள் மாடித் தொட்டி நிரம்பிவிட்டது. நிரம்பினால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பின்பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாக மிச்சத் தண்ணீர் மாடி உயரத்திலிருந்து தடதடவென்று கொட்டும். நான் நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க!" என்று பிள்ளைகள் கத்தின. ஓடிப்போய் அடியில் நின்றன. பெரியவர்கள் நின்றார்கள். எல்லோரையும் விலக்கிவிட்டுக் கடைசியில் மாமியார் போய், புடவையோடு, முதுகைக் காட்டி நின்றார்.

"அமுதா! இந்தத் தம்பி எழுதினது நெசந்தான்டி. நாலு சாத்து சாத்தறாப்பலதான் கீது!"

டீச்சர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

பின்வாசலில் உட்கார்ந்து எல்லோருமாக அவர்கள் கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். வேன் கிளம்பியதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். காத்திருந்த பதிவுகள் அத்தனையையும் அழித்தேன். மூடுபனி போயிற்று. நான் இன்னும் தின்னாத பலாப்பழம் ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் காலி. அருவிப் பதிவை மட்டும் அழிக்கவில்லை. 'இது பொய். நான் போகவில்லை. அங்கே தண்ணீரும் இல்லை' என்று அதன் தலையில் பெரிய எழுத்தில் சேர்த்தேன். அசிங்கம்தான். கண்ணெதிரே கிடக்கட்டும்.

மச்சான் போனில் அலறினான். "மாமா, அப்ப ரெகுலாரிட்டி?"

"அதுக்குத்தான் வெள்ளிமலை பஸ் இருக்குடா. அதுவே தெனம் ஒரே நேரத்துக்கு வர்றதில்ல. என்னை மட்டும் ஏன் இழுக்கற?"

அன்று சாயந்திரமே வலைப்பூவில் ஒரு பிரகடனம் எழுதினேன். முஷ்டியை உயர்த்திக்கொண்டு ஒரு கையால் டைப் அடித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்திலும் அதையே சொல்கிறேன்.

ஒழுங்காக எழுதுங்கள், கவனம் சிதறாமல் எழுதுங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் சொல்கிறார்கள். எதற்கு? எதுவுமே நடக்காத நாளிலும் ஏதோ நடந்ததாக எழுதுவதற்கா? 'தண்ணி வருதுங்களா' என்று ஒரு மனுஷி கேட்கிறார். அவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்வதற்குப் பெயர் ஃபோகஸாம்! எனக்கு அந்த ஃபோகஸ் வேண்டாம். இனிமேல் சாப்பிடுகிற கையோடு கமெண்ட்டைப் பார்ப்பேன். பதில் சொல்வேன். முதலில் பஸ், அப்புறம்தான் எழுத்து. பார்க்காததை எழுத மாட்டேன். பார்க்க ஒன்றும் இல்லாத மாதத்தில் வலைப்பூ காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடந்தால் யாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஏமாற மாட்டார்கள் இல்லையா? வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறான் மச்சான். ஓடுகிறவர்கள் ஓடட்டும். குளிக்க வருகிறவர்கள் போதும் எனக்கு.

பிரகடனம் வெளியான மறுநாள் டீச்சர் போன் செய்தார். "அண்ணே, வூட்டுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன். அத்தை உங்ககிட்டப் பேசணுங்கறாங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டை வாங்கிக்கொள்ள ஒரு தோரணை வேண்டாமா?

"தம்பி, அடுத்த வருசமும் எங்க போறதுன்னு அமுதாவே சொல்லட்டும்னு சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. நான் எழுதினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். நீ எழுது, எழுதாமப் போ... அந்த மோட்டார மட்டும் ரிப்பேரு ஆவாமப் பாத்துக்க."